மூணாள் படிப்பு

வேலை கேட்டு அந்தத் தையல் கூடத்துக்கு வருகிறவர்களிடம் முதலாளியம்மா முதலில் கேட்பது ஊரையோ வயதையோ அல்ல. "மூணாள் படிப்பு இருக்கா?" என்றுதான் கேட்பார். பத்தாவது படித்தவர்கள் முழிப்பார்கள். பட்டம் வாங்கியவர்கள் இன்னும் நன்றாக முழிப்பார்கள். எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரியுமா என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை அப்படியே கேட்டுவிட்டுப் போகலாமே என்றால், கேட்க மாட்டார்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கே ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு என்பதுதான் தேய்ந்து இப்படி ஆனது என்று பொத்தான் தைக்கிறவர் சத்தியமே செய்வார். நம்ப வேண்டாம். அது நடந்த வருஷம் அவர் வேலைக்கே சேரவில்லை. அது முத்தக்காவின் கதை. அவளைக் கேட்டால், "போய் வேலையப் பாரு" என்பாள். அதனால் நாம்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கூடம் ஒன்றும் பெரியதில்லை. நீளமான ஒரே அறை, பதினான்கு தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை, ஒரு இஸ்திரி மேசை. செவிலியர் கோட்டு, காவலாளி சட்டை, சமையல்காரர் ஏப்ரன் என்று சீருடைகள் தைப்பார்கள். தைத்து முடித்த துணியின் நெஞ்சுப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் நூலில் போடுவதுதான் முத்தக்காவின் வேலை. எழுத்து முத்து முத்தாக விழும். அதனால்தான் முத்தக்கா. சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

பத்தொன்பது வருஷம் ஊரில் உள்ள அத்தனை பெயர்களையும் நூலால் எழுதிய முத்தக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூட.

பெயர் எழுதிய சீட்டைத் துணிக்குப் பக்கத்தில் குத்தி வைத்துக்கொள்வாள். கண் சீட்டில் இருக்கும், கை துணியில் ஓடும். மற்றவர்களுக்கு எழுத்தாகத் தெரிவது அவளுக்குக் கோலம் போல ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு சுழி. பழகிப் பழகி அவற்றுக்கு அவளே பெயரும் வைத்திருந்தாள். 'ப' என்பது வாளி. 'ட' நாற்காலி. 'ம' கைப்பை. 'ழ' வந்தால் முகத்தைச் சுளிப்பாள், அதற்கு நூல்தின்னி என்று பெயர். தலையில் புள்ளி வந்தால் பொட்டு. இந்தப் பெயர்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறவளைப் பார்த்து உனக்குப் படிக்கத் தெரியுமா என்று எவருக்குக் கேட்கத் தோன்றும்?

அவள் நினைத்தவரை, இது தெரிந்தவர்கள் இருவர்தான். இருவரும் அவளுடைய தம்பிகள், அதே கூடத்தில் வேலை செய்கிறவர்கள்.

பெரிய தம்பி இஸ்திரி போடுகிறவன். அவனை எல்லாரும் ரேடியோ என்பார்கள். கண்ணில் படுவதையெல்லாம் உரக்கப் படிப்பான். பொட்டலம் கட்டிய தாள், நூல்கண்டின் லேபிள், சுவரில் ஒட்டிய தீயணைப்பு விதிமுறை, எதுவும் தப்பாது. எழுதச் சொன்னால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவான். இடதுகைக்காரன். பள்ளிக்கூடத்தில் இடது கையில் பென்சிலைப் பிடித்தபோதெல்லாம் அடி விழுந்தது. வலது கையில் பிடித்தபோது எழுத்து விழவில்லை. கடைசியில் எழுதுவதே வேண்டாம் என்று படிப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

சின்னத் தம்பி துணி வெட்டுகிறவன். பெயர் டேப்பு. கழுத்தில் அளவு டேப்பு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவன் பேசுவதே அபூர்வம், பேசினால் அதில் ஒரு எண் இருக்கும். இத்தனை மீட்டர் துணியில் இத்தனை சைஸ் சட்டை எத்தனை வரும் என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிடுவான். எழுத்தும் அவனும் தூரம். எண்ணும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

இனி முத்தக்காவின் ஆசையைச் சொல்லியாக வேண்டும். கூடத்தின் முன்பக்கம், ஜன்னலை ஒட்டி, ஆர்டர் மேசை என்று ஒன்று இருக்கிறது. வருகிற ஆர்டர்களைப் படித்து, என்ன தைக்க வேண்டும் என்று சீட்டு எழுதி, எவ்வளவு துணி என்று கணக்குச் சொல்லி, வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம். அதற்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. மேசைமேல் ஒரு பித்தளை மணியும் உண்டு. அதை அழுத்தினால் கூடமே நிமிர்ந்து பார்க்கும்.

பத்தொன்பது வருஷத்தில் நான்கு பெண்கள் அந்த நாற்காலிக்கு வந்துபோனார்கள். நால்வரும் சான்றிதழோடு வந்தவர்கள், முத்தக்காவைவிடச் சின்னவர்கள். மணியை அழுத்தி, "முத்தக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டவர்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிற முத்தக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து போனாள். தனக்குத் தெரிந்த வேலையில் பாதிகூட இவர்களுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பார்த்தபடி நான்கு முறை அழுதிருக்கிறாள், ஆள் மாறும்போதெல்லாம் ஒருமுறை. தையல் இயந்திரத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அந்த இடத்தில் உள்ள ஒரு வசதி.

நான்காவது பெண் கல்யாணமாகிப் போனதும் முதலாளியம்மா தேநீர் வேளையில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை வெளி ஆள் வேண்டாம்னு பாக்குறேன். நம்மள்லயே ஒருத்தர் உக்காரட்டும். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியணும், கொஞ்சம் கணக்குப் போடத் தெரியணும். ரெண்டு மாசம் பாக்கலாம். யாருக்குத் தெரியும்?"

கேட்டது கூடத்தை. பார்த்தது முத்தக்காவை.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் முத்தக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

இஸ்திரி மேசையிலிருந்து ரேடியோ இருமினான். டேப்பு வெட்டிக்கொண்டிருந்த துணி வாழ்க்கையில் முதல்முறையாகக் கோணலாகப் போனது.

அன்று சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகும் வழியில் ரேடியோ ஆரம்பித்தான். "எழுதத் தெரியும், சரி. படிக்க?"

"நீ இருக்கியே."

"கணக்கு?"

"அவன் இருக்கான்."

"அப்போ நாற்காலியில யாரு இருப்பா?"

"நான்தான். வேற யாரு?" என்றாள் முத்தக்கா. அக்கா என்பவள் இப்படித்தான் நியாயம் பேசுவாள் என்று இரண்டு தம்பிகளுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஏற்பாடு இதுதான். இஸ்திரி மேசை ஆர்டர் மேசைக்கு நேர் பின்னால் இருந்தது, கையை நீட்டினால் தொடும் தூரம். ஆர்டர் தாள் வந்ததும் முத்தக்கா அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள், வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி. ரேடியோ உரக்கப் படிப்பான். அவன் எதைப் படித்தாலும் யாரும் காது கொடுப்பதில்லை என்பதால் சந்தேகம் வரவில்லை. எந்த வரியில் துணி, எந்த வரியில் அளவு என்று இஸ்திரிப் பெட்டியின் பிடியால் சுட்டிக் காட்டுவான். அவள் அந்த வரிகளை அப்படியே பார்த்துச் சீட்டில் எழுதுவாள். பிறகு டேப்பு அந்தப் பக்கமாகக் கத்திரிக்கோல் தேடி வருவான், எத்தனை மீட்டர் என்று முணுமுணுத்துவிட்டுப் போவான். அந்த இரண்டு மாதத்தில் அவன் கத்திரிக்கோல் தொலைந்த அளவுக்கு எந்தக் கூடத்திலும் தொலைந்திருக்காது.

தாளில் இல்லாத எதையும் அவளால் எழுத முடியாதல்லவா, அதற்கும் ஒரு வழி கண்டாள். சீட்டின் ஓரத்தில் படம் வரைந்தாள். காலர் எப்படி, கை எவ்வளவு, பை எந்த இடத்தில், எல்லாம் சின்னப் படமாக. தைக்கிற பெண்களுக்கு அது பிடித்துப்போனது. "இவ்வளவு வருஷமா இதை யாரும் யோசிக்கலையே" என்றார்கள். பிறகு எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் எந்தக் காரணமும் இல்லாமல் அந்த மணியை ஒருமுறை அழுத்தினாள். பதினான்கு தலைகள் நிமிர்ந்தன. "ஒண்ணுமில்ல, வேலையப் பாருங்க" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் முகம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

முதலாளியம்மா நாளுக்கு இரண்டு தடவை வருவார். ஒருநாள் ஒரு கடிதத்தை நீட்டி, "இதுல என்ன கேட்டிருக்காங்க, சட்டுனு சொல்லு" என்றார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா."

"அப்படியா?" என்று போய்விட்டார். மறுநாள் காலையில் மேசைமேல் ஒரு புது மூக்குக் கண்ணாடி இருந்தது. "இங்கயே இருக்கட்டும், இனிமே மறக்க வேண்டாம் பாரு" என்றார் முதலாளியம்மா, மிகவும் அக்கறையாக. அதற்குப் பிறகு முத்தக்கா கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதில் பார்த்தால் தரை மேலே எழும்பி வந்தது. இரண்டு முறை குப்பைக்கூடையில் காலை விட்டாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ரேடியோவின் வாய்.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். உள்ளதை உள்ளபடி படிக்க மாட்டான், இடையில் கொஞ்சம் தன் சரக்கைச் சேர்ப்பான். காவலாளிச் சட்டைக்கு ஆர்டர் வந்தால், "தூங்கும்போது கசங்காத துணியில் தைக்கவும்" என்று சேர்த்துப் படிப்பான். முத்தக்கா திரும்பி ஒரு முறை முறைப்பாள். உடனே, "சரி சரி, அது இல்ல" என்று திருத்துவான். இது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. முறைத்தால் திருத்தம் வரும்.

இரண்டாவது மாதத்தின் நடுவில் ஒரு விடுதியின் சமையற்கூடத்திலிருந்து நாற்பது ஏப்ரனுக்கு ஆர்டர் வந்தது. ரேடியோ படித்தான். "அடர்நீலம். முழங்கால் வரை. முன்னால் இரண்டு பை. அது போக நெஞ்சில் ஒரு பை, கரண்டி வைக்க, மழையில் நனையாமல் இருக்க அதற்கு ஒரு மூடி."

முத்தக்கா முறைப்பதற்காகத் திரும்பினாள். திரும்பிய நேரத்தில் முதலாளியம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ரேடியோ பாய்ந்து போய் யாருடைய சட்டைக்கோ இரண்டாம் தடவையாக இஸ்திரி போட ஆரம்பித்தான். முதலாளியம்மா அங்கேயே நின்று ஏதேதோ பேசினார். அவர் போன பின் தேநீர் வந்தது, தேநீருக்குப் பின் மின்சாரம் போனது, மின்சாரம் வந்தபோது திருத்தத்தை அவனும் மறந்திருந்தான். முறைப்பை அவளும் மறந்திருந்தாள். சமையல்காரர்கள் ஏன் மழையில் கரண்டியோடு நிற்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பெரிய விடுதி, என்னவோ வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சீட்டில் தாளைப் பார்த்து எழுத்து எழுதினாள். காதில் கேட்டதை வைத்துப் படம் வரைந்தாள். டேப்பு கத்திரிக்கோல் தேடி வந்தான். "நெஞ்சுப் பைக்கும் மூடிக்கும் சேர்த்து ஒரு மீட்டர் நாலு சென்டி கூடுதல்" என்று சொல்லிவிட்டுப் போனான். கணக்கு ரொம்பச் சரி. அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

நாற்பது ஏப்ரனும் தைத்து, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்கியாயிற்று. மறுநாள் அனுப்ப வேண்டும். முதலாளியம்மா வழக்கம்போல ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். நெஞ்சில் இருந்த மூடியைத் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். பிறகு ஆர்டர் தாளையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் முத்தக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பழைய பதிவேடுகள் அடுக்கிய ஓர் அலமாரி. முதலாளியம்மா உட்காரச் சொல்லவில்லை. சீட்டைத் திருப்பி முத்தக்காவின் பக்கம் தள்ளினார்.

"இதை நீதானே எழுதினே?"

"ஆமாம்மா."

"எழுத்துல ரெண்டு பை இருக்கு. படத்துல மூணு பை இருக்கு. ஒரே சீட்டு, ஒரே கை. எப்படி?"

முத்தக்கா சீட்டைப் பார்த்தாள். வாளியும் நாற்காலியும் கைப்பையும் வரிசையாக நின்றன. எது இரண்டு, எது பை என்று அவளுக்குத் தெரியவில்லை. தைத்த பெண்கள் தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். தம்பி தப்பாகப் படித்தான் என்றும் சொல்லலாம். ஏன் அவன் படித்தான் என்று அடுத்த கேள்வி வரும். நாற்காலி போய்விட்டது, அது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போகிற நாற்காலிக்காக அந்தப் பெண்கள் தலையில் பழியைக் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

கதவுக்கு வெளியே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ உள்ளே வந்தான். "தப்பு என்னுதும்மா. கரண்டிப் பை நான் சேத்தது. சும்மா சிரிக்கறதுக்கு. அக்காவ அனுப்பிடாதீங்க, என்னை அனுப்புங்க."

அவனுக்குப் பின்னால் டேப்பும் வந்து நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "கணக்கு நான் போட்டேன்" என்றான். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "ஒரு மீட்டர் நாலு சென்டி."

முதலாளியம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத கோணல் அது.

"அப்போ எழுதுறது இவ. படிக்கிறது நீ. கணக்கு அவன். ஒரு நாற்காலியில ஒருத்தியை உக்கார வச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன், மூணு பேர் உக்காந்திருக்கீங்க. நாற்காலி உடையாம இருந்ததே பெருசு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் கேட்டா, மூணாள் படிப்பைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கீங்க."

கதவுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், பேச்சு பிறந்துவிட்டது. தேநீர் வருவதற்குள் பொத்தான் பெட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

தீர்ப்பு இதுதான். நாற்பது நெஞ்சுப் பையையும் அவர்கள் மூவரும்தான் பிரிக்க வேண்டும். விடுதிக்கு ஒரு நாள் தாமதம் என்று முதலாளியம்மா தொலைபேசியில் சொல்லிக்கொள்வார். ஆர்டர் மேசையில் முத்தக்காவே இருக்கலாம், ஆனால் ஆறு மாதம்தான். அதற்குள் அவள் தானாகப் படிக்க வேண்டும், ரேடியோ தன் கையால் சீட்டு எழுத வேண்டும்.

"எந்தக் கையாலம்மா?" என்றான் ரேடியோ.

"எது வருதோ அதால. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார் முதலாளியம்மா.

பிரிக்கிற வேலையில் ரேடியோ ஏழு முறை பிளேடால் விரலைக் கீறிக்கொண்டான். ஏழு என்று சொன்னது டேப்பு.

படிப்பு வெட்டுமேசையில் நடந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். எதிரே இருப்பது அக்கா என்பதால் ரேடியோ வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். அந்த நிமிர்வு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. சொல்லிக் கொடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. எல்லா எழுத்தும் அவளுக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். தெருவில் தினமும் பார்க்கிற முகங்கள், பெயர்தான் தெரியாது. பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் ஆயிற்று.

"இது என்ன?"

"வாளி."

"அக்கா."

"சரிடா, ப."

"இது?"

"நாற்காலி. ட. அதுக்கப்புறம் பொட்டு வச்ச கைப்பை. ம்."

"சேத்துச் சொல்லு."

முத்தக்கா சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். உதடு இரண்டு முறை சும்மா அசைந்தது. "படம்" என்றாள். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் வெறும் வாளியும் நாற்காலியுமாக நின்றது திடீரென்று வாயைத் திறந்து பேசிவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமும் தன் கையாலேயே எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருக்கிறோம், ஒருவர் பெயரும் காதில் விழவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் சுவரைப் பார்க்காமல் எல்லார் முன்னாலும் அழுதாள்.

அதற்கு நேர்மாறாக, ரேடியோவுக்கு எழுத வரவே மாட்டேன் என்றது. இடது கையில் பென்சிலைப் பிடித்தால் இன்னமும் தோள் தானாகச் சுருங்கியது. முத்தக்கா அவன் கையைப் பிடித்து, "சுழிடா, இன்னும் கொஞ்சம் சுழி, இது உன் இஸ்திரிப் பெட்டி இல்ல" என்று ஓட்டுவாள். அவன் எழுதிய முதல் சீட்டைப் பார்த்து, மசியில் விழுந்து எழுந்த பல்லி நடந்துபோன தடம் என்றார்கள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்கள். முத்தக்கா அதைப் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்து விடாமல், அவன் சேர்க்காத எதையும் சேர்க்காமல்.

ஐந்தாவது மாதம் புதிதாக ஒரு எம்பிராய்டரிக்காரி வேலைக்கு வந்தாள், முத்தக்காவின் பழைய இடத்துக்கு. அவளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை ஆர்டர் மேசைக்கு வந்தது. முதலாளியம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பதிவேடு தடிமனாக, முனை மழுங்கி இருந்தது. புதியவள் கொண்டுவந்த சீட்டைப் பார்த்துப் புது வரியை எழுதி முடித்த பின் முத்தக்கா சும்மா இருக்கவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினாள். படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு அந்த அரிப்பு வரும்.

தன் கையெழுத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பக்கத்திலேயே அழகான வரி அதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, தானே எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லி எழுதியது. பெயரை மட்டும் குமாஸ்தா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், அதைப் பார்த்து எழுதினாள். மற்றக் கட்டங்களை நிரப்பச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். எதைப் பார்த்து நிரப்பினோம் என்று இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. மேலே இருந்த வரியைப் பார்த்து.

விரலை வைத்துக்கொண்டு படித்தாள். வேலை: தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். உயரம்: ஐந்தடி பத்தங்குலம். படிப்பு: எழுதப் படிக்கத் தெரியும். அங்க அடையாளம்: மீசைக்கு அடியில், இடது பக்கம், ஒரு தழும்பு.

மேல் வரியும் அதேதான். அது அவளுக்கு முன் சேர்ந்த மெக்கானிக்கின் வரி.

வரிக்குக் கீழே, பார்த்ததற்கு அடையாளமாக, முதலாளியம்மாவின் கையொப்பம் இருந்தது. அதே நாள் தேதி போட்டு.

முத்தக்கா பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள். மேசைமேல் விரித்து வைத்து அந்த வரியில் விரலை வைத்தாள். முதலாளியம்மா எட்டிப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டுட்டு, உனக்கு மீசை இருக்கான்னு எழுந்து வந்து பாத்தேன். அப்புறம் நீ தச்ச எழுத்தையும் பாத்தேன். இவ்வளவு அழகாத் தப்பு எழுதுறவளை எப்படி அனுப்புறதுன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் அந்த நாலு பொண்ணுங்களையும் எனக்கு மேல கொண்டு வந்து உக்கார வச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பத்தொன்பது வருஷம் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் கோபமாகவே இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

முதலாளியம்மா சாய்வதை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா நீ வெக்கப்பட்டுப் போயிடுவியோன்னு பயம். அது நல்லதுன்னு நினைச்சேன். நல்லது இல்ல. அது என் தப்புதான், முத்து." பதிவேட்டின் முனையைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னார். "அந்தக் கண்ணாடியாவது உன்னை வாயைத் திறக்க வைக்கும்னு பாத்தேன். நீ குப்பைக்கூடையில கால வச்சியே தவிர வாயைத் திறக்கலை."

முத்தக்காவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கோபமாக இருக்க நினைத்திருந்தாள்.

"எழுதப் படிக்கத் தெரியும்னுதானே எல்லாரும் சொல்றோம்?" என்றார் முதலாளியம்மா. "எழுதறது முன்னாடி, படிக்கறது பின்னாடி. நீ வரிசை தப்பாமத்தான் வந்திருக்கே. நடுவுல கொஞ்சம் நேரமாயிடுச்சு, அவ்வளவுதான். சரி, இந்த வரியை அடிச்சிட்டு வேற எழுது."

பேனாவை நீட்டினார். முத்தக்கா வரியை மறுபடி ஒருமுறை படித்தாள். பழுது பார்ப்பவர் என்பதை அடித்தாள். ஐந்தடி பத்தங்குலத்தை அடித்தாள். எழுதப் படிக்கத் தெரியும் என்ற இடத்தில் பேனா நின்றது. எழுதிய அன்று அது பொய். இன்றைக்கு அதில் அடிக்க எதுவும் இல்லை. அதை அப்படியே விட்டாள்.

மீசையையும் தழும்பையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அங்க அடையாளத்துக்கு எதை எழுதுவது என்று யோசித்தாள். மேல் வரியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சீட்டு எதுவும் குத்தி வைத்திருக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக எதையும் பார்க்காமல், தன் தலைக்குள் இருந்ததை மட்டும் கேட்டு, மெதுவாக எழுதினாள்.

முதலாளியம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் முத்து முத்தாக 'மூணாள் படிப்பு' என்று இருந்தது. அவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் எழுதினார்.